மாதம்மாள் நடந்து காட்டிய நாள்

இறைவன் பெயரைச் சொல்லாமல் நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. இதையும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தை அடக்கச் சொல்கிற மார்க்கம் எங்களுடையது. நானும் இத்தனை வருஷமாக அடக்கித்தான் பார்த்தேன். அடங்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அரூர்ப் பக்கம் இருக்கிற ஒரு தொழுநோய் மருத்துவமனையில் செருப்புப் பட்டறை ஆளாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். போன மாதம் அங்கே இருக்கிற பிசியோதெரபி பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். புதிதாக வந்திருக்கிற ஒரு பொருளையும் காட்டினார்கள். தீப்பெட்டி அளவுதான். அதை நோயாளியின் பாதத்தின் மேல் பட்டையால் கட்டி நடக்கவிட்டால், ஒவ்வொரு அடியிலும் பாதம் எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தொங்குகிறது என்று கைபேசியில் கோடாக வருகிறது. நல்ல பொருள். நான் குறை சொல்லவில்லை.

"கட்டறதுக்கு முன்னாடி காலை யாரும்மா பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"பாக்கவே வேண்டியதில்லைங்க பாய். எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடும்" என்றது ஒரு பிள்ளை.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். வயசான ஆள் எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று அந்தப் பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அத்தாவுக்கு தர்மபுரி டவுனில் தோல் கடை. அங்கே அடித்தோல் வெட்டப் பழகினேன். கடை நொடித்தபின் மருத்துவமனையில் செருப்புத் தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பெரு வியாதிக்காரர்களுக்குச் செருப்பா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். என் மனைவி மட்டும், "அல்லாஹ் கொடுத்த கால்தானே அதுவும், போங்க" என்றாள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கெட்டுப்போன கால்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இந்த நோய் முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடுகிற நரம்பைச் சாகடித்துவிடும். அப்புறம் பாதத்தைத் தூக்க முடியாது. அடி எடுத்து வைத்தால் முன்பாதம் தொங்கி, விரல் தரையில் இழுபடும். உள்ளங்காலில் உணர்ச்சியும் இருக்காது. நெருப்பை மிதித்தாலும் தெரியாது. மருந்து சாப்பிட்டு நோய் குணமானாலும் தொங்கின கால் தொங்கினதுதான். அதற்கு ஒரு ஆபரேஷன் உண்டு. காலின் உள்பக்கத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து முன்பக்கம் மாற்றித் தைப்பார்கள். அதற்காக வெளியூர் சர்ஜன் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். சிலருக்குத்தான் செய்ய முடியும். யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் எங்கள் பிசியோதெரபி சார்.

சாரின் பெயர் ராஜமாணிக்கம். ஒல்லியான ஆள். சட்டைக் கை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்திருக்கும். கோபம் வந்தால் எல்லாரும் மரியாதையைக் குறைப்பார்கள், சார் கூட்டுவார். "ஏனுங்கய்யா" என்று ஆரம்பித்தார் என்றால் நாங்கள் ஓடி ஒளிய இடம் தேடுவோம். ஒருதரம் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். வார்டு பையன் எட்ட நின்று பார்த்துவிட்டு, "இவருக்குக் கால் நல்லா இருக்குங்க சார்" என்றான். சார் அவர் காலைத் திருப்பினார். உள்ளங்காலில் வேலமுள் முழுசாக இறங்கியிருந்தது. "ஏனுங்கய்யா, உங்க கண்ணுக்கு மட்டும் கால் நல்லா இருந்தா போதுமுங்களா?" என்றார் சார். அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பையன் தொடாமல் எதுவும் சொன்னதில்லை.

ஒரு காலை அளக்க சாருக்கு ஒரு முறை இருந்தது. அதில் ஒன்றைக்கூட விட மாட்டார்.

முதலில் காவேரியம்மா. எங்கள் மருத்துவமனையில் உதவியாளர், கைராசிக்காரி. பெண் நோயாளியைப் பச்சைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், முழங்காலிலிருந்து விரல்நுனி வரை கையால் தடவிப் பார்ப்பார். எங்கே சூடு, எங்கே வெடிப்பு, விரலிடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். கொலுசு, மெட்டி, மந்திரித்துக் கட்டின கயிறு எல்லாவற்றையும் கழற்றி அலுமினியக் கிண்ணத்தில் போடுவார். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அழுகிற பெண்களுக்கு அவரிடம் ஒரு பேச்சு உண்டு. திரைக்கு இந்தப்பக்கம் எங்களுக்கே கேட்கும்.

"மெட்டியக் கழட்டுனா உம் புருசனுக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு. நானும் எத்தனையோ தரம் கழட்டிப் பாத்துட்டேன். எம் புருசன் இன்னும் குடிச்சுப்போட்டு நல்லாத்தான் திரியறான்."

அழுத பெண் சிரித்துவிடும். கிண்ணத்தில் மெட்டி விழுகிற சத்தம் வரும்.

அப்புறம்தான் சார். "நட ஆத்தா. வூட்ல நடக்கற மாதிரி நட" என்பார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தொங்கின கால் தரையில் விழும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். பிறகு சிமெண்டுத் தரையில் துண்டை விரித்து ஒருக்களித்துப் படுத்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, குதிகால் முதலில் விழுகிறதா விரல் முதலில் விழுகிறதா என்று பார்ப்பார். நீலம் கரைத்த தட்டில் மிதித்துப் பழுப்புக் காகிதத்தில் நடக்கச் சொல்வார். கடைசியில் எஃகுக் கோணமானியைக் கணுக்காலில் வைப்பார். இத்தனையும் முடிந்தால்தான் வாயைத் திறப்பார். அந்த மனுஷனை நான் எவ்வளவு மதித்தேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும். என் கோபத்துக்கும் அதுதான் காரணம்.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் தம்பி ஒரு மிஷினோடு வந்தார். காலில் கட்டிக்கொண்டு நடந்தால் பாதத்தின் கோணத்தை அதுவே எழுதும் என்றார்கள். இரண்டு பட்டைகள். ஒன்று பாதத்தின் மேல், ஒன்று கணுக்காலுக்கு மேல். நடுவில் ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரி ஒன்று. அதிலிருந்து நீளமாக ஒயர் போய் ஒரு பெட்டியில் சேரும். பெட்டியில் காகிதம் ஓட, ஒரு பேனா மேலும் கீழும் ஆடி கோடு போடும். பட்டை தோலை அறுத்ததால் ஆட்டுத்தோலில் மெத்தென்று பெல்ட் தைத்துக் கொடுத்தேன். "உங்க பெல்ட் இல்லேன்னா என் மிஷின் காலில நிக்காது பாய்" என்று சிரித்தார். நல்ல பையன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்தச் சமயத்தில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தி மாதம்மாள். மொரப்பூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடலை போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மருந்தில் நோய் குணமாகிவிட்டது. வலது கால் மட்டும் தொங்கியது. சேலையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு பையன், மழலை மாறாத வயது. செருப்புக்கு அளவெடுக்க என் பட்டறைக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"எங்க மாமியா கண்டிசனா சொல்லிப்போட்டாங்க அண்ணே. காலு இழுத்தா ஊருக்குத் தெரிஞ்சுபோவும், ஆபரேசன் பண்ணிச் சரியாக்கிட்டு வூட்டுக்கு வா, இல்லீன்னா உங்க அண்ணன் வூட்லயே கெட, பையன் இங்கயே இருக்கட்டுன்னு."

"உன் வூட்டுக்காரர் என்னம்மா சொல்றாரு?"

"அவரு எதுக்குண்ணே சொல்றாரு? அவங்கம்மா சொல்றப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பையன் என் தோல் துண்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் ஆபரேஷன் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு அஸர் தொழுகையில் அவளுக்காகவும் துஆ கேட்டேன்.

மிஷின் ஓடுகிற நாள் வந்தது. மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்க்கிறார்கள் என்று கூடத்தில் நாற்காலி போட்டு, ஜமுக்காளம் விரித்து, தோரணமும் கட்டியிருந்தார்கள். எங்கள் நிர்வாக அதிகாரி காலையிலேயே கஞ்சி போட்ட வேட்டியில் வந்து நோயாளிகள் முன்னால் நின்றார்.

"எல்லாரும் நல்லா நடந்து காட்டணும். பெரிய மனுசங்க வந்திருக்காங்க. ஆஸ்பத்திரி மானம் உங்க கால்லதான் இருக்கு" என்றார்.

வீட்டில் நடக்கிற மாதிரி நட என்று சொல்கிற இடத்தில், நல்லா நடந்து காட்டு என்று சொன்னார் அந்த மனுஷன். சார் பக்கத்தில்தான் நின்றார்.

காவேரியம்மா பச்சைத் திரையை இழுத்துவிட்டு, கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்து, "காவேரி, நீ போய் டீயப் பாரு. வந்தவங்களுக்கு இன்னும் டீ போகல" என்றார்.

"பொம்பளைங்க கால இன்னும் பாக்கலீங்களே."

"அதுக்குத்தான மிஷினு வந்திருக்கு? பெல்ட்ட அவங்களே கட்டிக்குவாங்க. நீ போ."

காவேரியம்மா சாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு 'ஏனுங்கய்யா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சார் பெட்டியின் பக்கம் குனிந்து பேனா முள்ளில் மை இருக்கிறதா என்று பார்த்தார். காவேரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மாதம்மாள் திரைக்குப் பின்னால் போய்த் தானே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சேலைக் கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலில் அவள் மாமியார் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் மோட்டார் உறுமியது. மாதம்மாள் ஒயரை இழுத்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தாள். பேனா அழகாக மேலே போய்க் கீழே வந்தது. கூடத்தில் இருந்த எல்லாரும் பேனாவையே பார்த்தோம். சார் கண்ணை மூடவில்லை, தரையில் படுக்கவும் இல்லை. மூடியிருந்தாலும் அந்த மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது.

"கால் நல்லாத்தாம்மா தூக்குது. ஆபரேஷன் வேண்டியதில்லை. பயிற்சி பண்ணினா போதும்" என்றார் சார்.

அதிகாரி கைதட்டினார். வந்தவர்களும் தட்டினார்கள். மாதம்மாள் ஒன்றும் புரியாதவள் மாதிரி சாரைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். "சரீங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். அந்நேரம்தான் டீ வந்தது. ஏலக்காய் போட்ட டீ. எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள்.

அந்த வருஷத்து மழை முடிந்தபின் மாதம்மாளை அவள் அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் உட்காருவதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. காவேரியம்மா திரையை இழுத்தார். உள்ளே காவேரியம்மா அழுவது கேட்டது. எத்தனையோ கால்களைப் பார்த்த மனுஷி, அழுது நான் கேட்டதில்லை.

வலது காலில் மெட்டி போட்ட விரல் கறுத்துப்போயிருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து எலும்பில் நின்றது. மெட்டியிலிருந்து ஒரு நைலான் நரம்பு, மீன் பிடிக்கத் தூண்டிலில் கட்டுவோமே அந்தக் கண்ணாடி நரம்பு, சேலைக்குள்ளே ஏறி முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுற்றிய துணியில் கட்டியிருந்தது. பாதத்தை அதுதான் தூக்கிப் பிடித்திருந்தது. எட்ட நின்றால் தெரியாது. கையால் தடவினால் மட்டும் தெரியும். அன்றைக்குக் கூடத்திலும் அந்த நரம்பைக் கட்டிக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். மிஷின் பொய் சொல்லவில்லை. நரம்பு எவ்வளவு தூக்கியதோ அவ்வளவையும் சரியாக எழுதிவிட்டது.

சார் அவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். "ஏம்மா கட்டிக்கிட்டு நடந்தே? எங்ககிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்களா சார்? நல்லா நடந்து காட்டுன்னு சொன்னீங்க. மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறாப்புல, நல்லா நடக்கறவங்களத்தான் ஆபரேசனுக்கு எடுப்பீங்கன்னு நெனச்சேன். அதான் நல்லா இழுத்துக் கட்டிக்கிட்டு நடந்தேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை பேருக்கு முன்னாடி சேலையத் தூக்கிக் காட்டச் சொல்றீங்களா? எங்க மாமியா வாசல்ல நின்னாங்க. நரம்பு கட்டித்தான் நடக்கறேன்னு தெரிஞ்சா அன்னிக்கே பையனப் புடுங்கிட்டிருப்பாங்க. காவேரியக்கா இருப்பாங்க, உள்ள வெச்சு அவங்ககிட்டச் சொல்லலாமுன்னுதான் வந்தேன். அவங்க டீ போடப் போயிட்டாங்க."



ஆபரேஷன் இல்லை என்று ஆனதும், வீட்டில் நிலைக்க அவளுக்கு அந்த நரம்பு ஒன்றுதான் வழி. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை கட்டியிருக்கிறாள். உணர்ச்சியில்லாத காலில் மெட்டி அறுப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வாடையில் மாமியார் கண்டுபிடித்து, பையனைப் பிடுங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் இருக்கிற காலில் நாண் மாற்ற முடியாது என்று அடுத்த தடவை வந்தபோது சர்ஜன் மறுத்துவிட்டார். அதற்கடுத்த வருஷம் செய்தார்கள். கால் நன்றாகத் தூக்கியது. நரம்பும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நடந்தாள். அதற்குள் அந்த வீட்டுக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். பையன் இவளைக் கண்டால் பாட்டியின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டான். அவள் நடந்து காட்ட வேண்டிய வாசல் அது ஒன்றுதான். அதை அடைத்துவிட்டார்கள்.

விரல் எடுத்த அன்று சாயங்காலம் நான் சாரின் அறைக்குப் போனேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அன்று கேட்காமலே உட்கார்ந்தேன்.

"வார்டு பையனைக் கேட்டீங்களே சார், உங்க கண்ணுக்கு மட்டும் நல்லா இருந்தா போதுமான்னு. அன்னிக்கு அந்த அதிகாரியை ஏன் சார் கேக்கல? 'காவேரி இங்க இருக்கட்டும்'னு சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

சார் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார், மறுபடி மடித்தார்.

"என் புரொமோஷன் அவர் கையில இருந்துச்சு பாய்" என்றார்.

அவ்வளவுதான். மழுப்பவில்லை. வேறு காரணம் எதையாவது சொல்லியிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். தரையில் கன்னத்தை வைத்துக் கால் பார்த்த மனுஷன், ஒரு கிளாஸ் டீயை நிறுத்த முடியாமல் போனார். அதற்கப்புறம் அவர் இருந்தவரை வேலைக்கு மேல் ஒரு பேச்சு அவரிடம் பேசியதில்லை. அவர் காலமானபோது போய் மாலை போட்டேன். அதிகாரிக்கு வேறு இடத்தில் இன்னும் பெரிய பதவி கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். மன்னிக்கிறவன் இறைவன். அவன் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வேலை வரவில்லை.

தொழுகைக்கு முன்னால் ஒளூச் செய்யும்போது கால் விரல்களுக்கு இடையே விரலை விட்டுக் கழுவ வேண்டும் என்று சிறு வயதில் ஓதிக்கொடுத்தார்கள். ஒரு இடுக்கையும் விடக்கூடாது. இன்றைக்கும் பெருவிரலுக்கு அடுத்த விரல் வரும்போது என் கை ஒரு கணம் நிற்கிறது.

இனி அந்தப் பிள்ளைகளிடம் சத்தம் போட்ட கதைக்கு வருகிறேன். மிஷினைக் காட்டுவதற்காக ஒரு வயசான அம்மாவை நிறுத்தியிருந்தார்கள். காலில் சாக்ஸ். சாக்ஸ் மேலேயே தீப்பெட்டியைக் கட்டினார்கள். "பாக்கவே வேண்டியதில்லைங்க பாய்" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். நீல உடுப்பு, வார்டு உதவியாளர்.

"உம் பேரு என்னம்மா?" என்றேன்.

"செல்விங்க."

"நீ எதுக்கு டீ தூக்கறே? உன் வேலை என்ன?"

சத்தமாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் பிசியோதெரபிப் பிள்ளையைப் பார்த்தாள். "விருந்தாளி வந்திருக்காங்கன்னு நாந்தான் சொன்னேங்க பாய்" என்றது அது.

"நான் விருந்தாளி இல்ல. இந்த அம்மாவக் கூட்டிக்கிட்டுத் திரைக்கு அந்தப்பக்கம் போ செல்வி. சாக்ஸைக் கழட்டு. முழங்கால்ல இருந்து விரல் வரைக்கும் கையால தடவிப் பாரு, விரலிடுக்கு ஒண்ணையும் விடாத. அவங்க ஏதாச்சும் சொல்ல வந்தா காது குடுத்துக் கேளு. அதுவரைக்கும் இங்க யாரும் எதையும் கட்டக்கூடாது."

"டீ ஆறிடுங்களே" என்றாள் செல்வி.

"ஆறட்டும்."

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் இரண்டு பேரும் ஏதோ பேசுவது கேட்டது. அந்த அம்மா ஒருதரம் சிரித்தார். பிள்ளைகள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டீயில் ஆடை படிந்தது.

செல்வி வெளியே வந்து, "ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்குது" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "இப்பக் கட்டுங்க."